பேஸ்மென்ட்ல சம்ப், மேல 300 கலன் ரீஃப் தொட்டி: ரிட்டர்ன் பம்ப் என்ன மாதிரி எடுக்கிறது?

ஸ்காபரோவான்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ரொறன்ரோ ஸ்காபரோவில இருக்கிறன். கனகாலமா ஒரு 75 கலன் ரீஃப் தொட்டி (பவளம் வளக்கிற உப்புத்தண்ணித் தொட்டி) வச்சிருக்கிறன், இப்ப ஹோல்ல பெருசா ஒண்டு போடப் போறன். 8 அடி நீளம், 30 இஞ்ச் அகலம், 24 இஞ்ச் உயரம், கணக்குப் பாத்தா 300 கலன் வருது. ஹோல்ல சத்தம் இருக்கக் கூடாது எண்டு வீட்டில எல்லாருக்கும் விருப்பம், அதால சம்ப் (தொட்டித் தண்ணி இறங்கிச் சுத்தமாகிற கீழ்த் தொட்டி), ஸ்கிம்மர் (நுரையால அழுக்கெடுக்கிற கருவி), ஹீட்டர், ரியாக்டர் (தண்ணியின்ர தன்மையைச் சரிசெய்யிற கருவி) எல்லாத்தையும் தொட்டிக்கு நேர கீழ பேஸ்மென்ட்ல வைக்கிற பிளான். அங்கயிருந்து தண்ணியைத் திரும்ப மேல அனுப்புறதுதான் ரிட்டர்ன் பம்ப்.

பேஸ்மென்ட் நிலத்தில இருந்து மேல் வீட்டு நிலத்துக்கு 9 அடி, ஸ்டாண்ட் 3 அடி, தொட்டி 2 அடி, சம்பில தண்ணி நிலத்தில இருந்து 2 அடி உயரத்தில நிக்கும். அப்ப 12 அடி ஏத்த வேணும் எண்டு நினைக்கிறன். பைப் நேர மேல போகாது, ஒரு பீமைச் சுத்தி வளைச்சுத்தான் போகவேணும், மொத்தம் ஒரு 20 அடி பைப்பும் அஞ்சு எல்போவும் வரும்.

எனக்கு விளங்காதது என்னெண்டா, பெட்டியில ஒரு மணிக்கு 3000 கலன் எண்டு போட்ட பம்ப் எடுத்தா தொட்டிக்குப் பத்து மடங்கு சுத்தும், அது காணும்தானே? ஒரு பெரிய பம்ப் நல்லதா ரெண்டு சின்னனா? டிசியா ஏசியா? பைப் வேலை செய்யிறவர் 1 இஞ்ச் பைப் விட்டா சுவருக்கால கொண்டுபோறது சுகம் எண்டு சொல்றார், அது சரிவருமா? இன்னொண்டு, ஹார்ட்வேர் கடையில பேஸ்மென்ட் வெள்ளத்துக்கு விக்கிற சம்ப் பம்ப் மலிவு, 20 அடிக்கும் தள்ளும் எண்டு போட்டிருக்கு, அதைப் போட்டால் என்ன? அக்ரோபோரா எண்ட பவளம் வளக்கிறதுதான் என்ர ஆசை, அதால முதல்லயே சரியாச் செய்யவேணும். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

சிங்கை_ரீஃப்:

வணக்கம் ப்ரோ, நல்ல சைஸ் டேங்க், வாழ்த்துகள். முதல்ல அந்த பத்து மடங்கு கணக்கை விட்டுடுங்க. அது வேவ்மேக்கர் (டேங்க் உள்ளயே தண்ணிய அசைக்கிற பம்ப்) இல்லாம, ரிட்டர்ன் பம்ப் ஒண்ணுதான் டேங்க்ல தண்ணிய அசைச்ச காலத்துக் கணக்கு. இப்ப ரிட்டர்ன் பம்புக்கு வேலை ரொம்ப சிம்பிள், மேல இருக்கிற அழுக்குத் தண்ணி கீழ ஸ்கிம்மர்கிட்ட போகணும், சூடான சுத்தமான தண்ணி திரும்ப மேல வரணும், தண்ணி மேல் பரப்புல படியிற எண்ணெய்ப் படலம் ஓவர்ஃப்ளோல (டேங்க் மேல் மட்டத்துல தண்ணி வழிஞ்சு கீழ இறங்குற இடம்) வழிஞ்சு போகணும், அவ்ளோதான். அதுக்கு மணிக்கு மூணுல இருந்து அஞ்சு மடங்கு தாராளம். உங்களுக்கு 1200 கேலன் மேல போய்ச் சேர்ந்தா போதும், நான் இதை அழுத்தமாவே சொல்றேன், ஸ்கிம்மர் எவ்ளோ தண்ணிய சுத்தம் பண்ணுதோ அதுக்கு மேல கீழ அனுப்பி ஒரு பிரயோஜனமும் இல்ல, கரண்ட் செலவும் சூடும் சத்தமும்தான் கூடும்.

அக்ரோபோராவுக்கு வேணுங்கிற ஓட்டம் வேற விஷயம். அதுக்கு 30, 40 மடங்கு, சிலர் அதுக்கும் மேல ஓட்டுறாங்க, ஆனா அது முழுக்க டேங்க் உள்ளயே இருக்கிற வேவ்மேக்கரோட வேலை. அங்க தண்ணிய உயரம் ஏத்த வேண்டியதில்ல, வெறுமனே தள்ளினா போதும், அதனால 30 வாட்டுக்கு அது தர்ற ஓட்டத்தை ரிட்டர்ன் பம்புல எடுக்கணும்னா பல மடங்கு கரண்ட் போகும். 8 அடி டேங்க்ல ரெண்டு ஓரத்துலயும் ஒண்ணொண்ணு, எதிரும் புதிருமா மாறி மாறி ஓடுற மாதிரி வைங்க. பம்புக்கு வச்சிருக்கிற பட்ஜெட்ல பாதிய இங்க போடுங்க.

ரியாக்டரும் கீழதானே இருக்கு, அதுக்கு ரிட்டர்ன் லைன்ல இருந்து டீ (கிளை இணைப்பு) போட்டு எடுக்காம தனியா ஒரு குட்டி பம்ப் வைங்க. 12 அடி ஏத்துறதுக்குன்னு அழுத்தம் குடுத்த தண்ணிய பக்கத்துல இருக்கிற ரியாக்டருக்கு வால்வை நெருக்கி விடுறது வீண்.

இறங்குற பைப்புக்கு பீன் அனிமல்ங்கிற ஓவர்ஃப்ளோ முறை போடுங்க, மூணு பைப். ஒண்ணு முழு சைஃபனா, அதாவது காத்தே இல்லாம பைப் நிறைஞ்சு, சத்தமே இல்லாம இறங்கும், அதுல கேட் வால்வு வச்சு டியூன் பண்ணணும், ரெண்டாவதுல மிச்சம் கொஞ்சமா வழியும், மூணாவது எமர்ஜென்சி. பேஸ்மென்ட் வரைக்கும் தண்ணி விழுற உயரத்துக்கு சாதாரண ஸ்டாண்ட்பைப் போட்டா காத்தும் தண்ணியும் கலந்து குளுகுளுன்னு ஹால் முழுக்கக் கேக்கும். சம்ப்பை கீழ தள்ளுறதே சத்தத்துக்காகத்தானே.

கோவை_பம்ப்செட்:

வணக்கமுங்க. நான் கோயமுத்தூர்ல பம்ப் டெஸ்டிங்ல வேலை பாக்கறேன், வீட்ல க்ளவுன் மீன் மட்டும் வச்ச ஒரு சின்ன உப்புத்தண்ணி டேங்க் இருக்குது. பவளம் வளர்க்கறதைப் பத்தி மத்தவங்க சொல்லட்டும், பம்பைப் பத்தி மட்டும் நான் சொல்றனுங்க.

பெட்டியில போட்டிருக்கற 3000 கேலன் ஜீரோ ஹெட்ல எடுத்த நம்பர். அதாவது தண்ணிய ஒரு இஞ்ச் கூட ஏத்தாம அப்படியே வெளிய விட்டா வர்ற அளவு. பக்கத்துல இன்னொரு நம்பர் இருக்கும், மேக்ஸ் ஹெட்னு, அந்த உயரத்துல ஒரு சொட்டுத் தண்ணி கூட வராது. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு வளைகோடு இருக்குது பாருங்க, அதுதான் பம்பு. அந்த கர்வ் படத்தைக் குடுக்காத கம்பெனி பம்பை வாங்காதீங்க. உதாரணத்துக்கு ஏஹைம் 1262 நல்ல பேர் எடுத்த பம்பு, வருஷக்கணக்கா ஓடும், ஆனா அதோட மேக்ஸ் ஹெட் 3.6 மீட்டர், உங்க 12 அடிங்கறது 3.66 மீட்டர். போட்டீங்கன்னா மோட்டார் ஓடும், மேல தண்ணி வராது. பம்பு மேல தப்பில்லீங்க, அது இந்த வேலைக்கு செஞ்சது இல்ல, அவ்வளவுதான்.

ஹெட்டு கணக்குல ரெண்டு பாகம் இருக்குதுங்க. முதலாவது, சம்ப் தண்ணி மட்டத்துல இருந்து டேங்க் தண்ணி மட்டத்துக்கு உள்ள உயரம், நீங்க சரியாத்தான் எடுத்திருக்கீங்க, 12 அடி. பம்பு தண்ணிக்குள்ள எவ்வளவு ஆழத்துல கிடக்குதுங்கறது கணக்குல வராது. ரெண்டாவது, பைப்புல தண்ணி உரசிக்கிட்டுப் போற நட்டம். இங்கதான் உங்க பிளம்பர் சொன்ன 1 இஞ்ச் பைப் வேலையைக் கெடுத்துரும். மணிக்கு 1200 கேலன், 20 அடி பைப்பு, அஞ்சு எல்போ, இதுக்கு நான் கணக்குப் போட்டேன். 1 இஞ்ச் பைப்புல உரசல் நட்டம் மட்டும் சுமார் 7 அடி வருது. 1¼ இஞ்ச்சுல 2 அடி. 1½ இஞ்ச்சுல 1 அடி. அதே வீடு, அதே பம்பு, 1 இஞ்ச் போட்டா மொத்தம் 19 அடி ஏத்தோணும், 1½ போட்டா 13 அடி. உரசல் நட்டம் பைப்போட விட்டத்துக்கு ஏறக்குறைய அஞ்சாவது அடுக்குல மாறுறதால அரை இஞ்ச்சுக்கே இவ்வளவு வித்தியாசம். எங்க ஊர்ப் பக்கம் கிணத்து மோட்டாருக்கு டெலிவரி பைப்பைச் சின்னதாப் போட்டுட்டு மோட்டார் சரியில்லைம்பாங்க, அதே கதைதானுங்க இது.

அதனால 1½ இஞ்ச்னு வச்சுக்குங்க, 13 அடில 1200 கேலன் தர்ற பம்பு வேணும். மேக்ஸ் ஹெட் எவ்வளவோ அதுல மூணுல ரெண்டு பங்குக்கு மேல போய் ஓட்டாம இருக்கறது நல்லது, அதுக்கு மேல போனா பம்புல கொஞ்சம் சுண்ணாம்பு படிஞ்சாலே தண்ணி பாதியாயிரும். அப்ப மேக்ஸ் ஹெட் 20 அடி, அதாவது 6 மீட்டர் பக்கம் இருக்கற பம்பாப் பாருங்க. அந்த மாதிரி பம்புல பெட்டியில 3000 போட்டிருந்தாலும் உங்க உயரத்துல பாதிக்கும் கம்மியாத்தான் வரும், அது போதும்.

இன்னொரு சோதனை சொல்றேன். 1200 கேலனை 13 அடி ஏத்தற வேலைக்கு, தண்ணிக்குள்ள போய்ச் சேர்ற சக்தி மட்டும் சுமார் 50 வாட். இந்த சைஸ் பம்புக திறன் 30, 40 சதவீதம் இருந்தாப் பெரிசு. அப்ப சுவத்துல இருந்து 130ல இருந்து 170 வாட் இழுத்தே ஆகோணும். யாராச்சும் 60 வாட்ல இந்த வேலை ஆகும்னு விளம்பரம் பண்ணினா நம்பாதீங்க. 150 வாட்னு வச்சா வருஷத்துக்கு 1300 யூனிட் ஆகும். முங்கற பம்பா இருந்தா அதுல வர்ற சூடு அத்தனையும் தண்ணிக்கே போகும், கோடையில அதையும் கணக்குல எடுங்க.

அந்த வெள்ளத்துக்கு விக்கற சம்ப் பம்பு வேண்டவே வேண்டாமுங்க. அது எப்பவாச்சும் பத்து நிமிஷம் ஓடறதுக்குச் செஞ்சது, 24 மணி நேரம் ஓடாது. உடம்பு வார்ப்பிரும்பு, சிலதுல பித்தளை, மோட்டார் எண்ணெயில முங்கி இருக்கும். உப்புத்தண்ணி அரிச்சு செம்பும் எண்ணெயும் டேங்க்ல கலந்தா அத்தனை பவளமும் போயிரும்.

ஸ்காபரோவான்:

ரெண்டு பேருக்கும் கனக்க நன்றி. பைப் உரசல் இவ்வளவு வருமெண்டு ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்ல, பைப்காரரிட்ட 1 இஞ்ச் வேண்டாமெண்டு சொல்லிட்டன். இப்ப மிச்சம் இருக்கிற கேள்வி ஒரு பம்பா ரெண்டா எண்டதுதான். இங்க கரண்ட் போனா என்ன நடக்கும் எண்டும் யோசிக்கிறன், மேல 300 கலன் தண்ணி இருக்கு, அது கீழ வந்தா பேஸ்மென்ட் நாசம். செக் வால்வு (தண்ணியை ஒரு பக்கம் மட்டும் விடுற வால்வு) ஒண்டு போட்டா காணுமா?

பிரம்டன்_கடல்:

தம்பி, நான் பிரம்டன்ல இருக்கிறன், என்ர வீட்டிலயும் சம்ப் பேஸ்மென்ட்லதான். ரெண்டு பம்ப், ரெண்டு தனி பைப் லைன். இதைத்தான் உங்களுக்கும் சொல்லுவன். ரிட்டர்ன் பம்ப் நிண்டா உங்கட ஹீட்டர், ஸ்கிம்மர், டோசிங் (பவளத்துக்குச் சத்துக் கரைசல் விடுறது) எல்லாம் கீழ தனியா, தொட்டி மேல தனியா. பனிக்காலத்தில ஹோல் கண்ணாடிக்குப் பக்கத்தில இருக்கிற தொட்டி ஹீட்டர் இல்லாமல் ஒரு இரவில என்னமாதிரிக் குளிரும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. ஒரு தரம் விடியப்புறம் என்ர பம்ப் ஒண்டு நிண்டு போச்சு, மற்றது பாதி ஓட்டத்தில ஓடிக்கொண்டு இருந்தது, நான் வேலையால வந்துதான் கண்டனான், ஒரு மீனுக்கும் ஒண்டும் நடக்கேல்ல. அந்த நிம்மதிக்கு எவ்வளவும் குடுக்கலாம்.

ரெண்டு லைனையும் மேல போய் ஒண்டாச் சேர்க்காதேங்கோ. சேர்த்தால் நிண்டு போன பம்புக்கால மற்றப் பம்பின்ர தண்ணி திரும்பக் கீழ ஓடும். தனித்தனியா விட்டாலும் ஒரு விசயம் கவனிக்கவேணும், பைப் தொட்டி விளிம்புக்கு மேலால வளைஞ்சு வரவேணும், தண்ணி மட்டத்துக்குச் சரியா கீழ அந்த பைப்பில ஒரு சின்ன ஓட்டை போடவேணும். அப்பதான் ஒரு பம்ப் நிண்டால் அந்த பைப்பால தண்ணி கொஞ்சம் பின்னுக்கு இறங்கி, ஓட்டை வெளியில வந்ததும் காத்து இழுத்து சைஃபன் அறும். கண்ணாடியில ஓட்டை போட்டு தண்ணி மட்டத்துக்குக் கீழால பைப்பை உள்ளுக்கு விட்டால் உது அறவே அறாது, கண்ணாடி ஓட்டை இருக்கிற மட்டம் வரைக்கும் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சின்ன ஓட்டையில பாசியும் வேர்மெட்டிட் நத்தையும் வந்து அடைக்கும், மாசத்துக்கு ஒருக்கா ரூத்பிக்கால குத்தி விடுங்கோ.

செக் வால்வை நம்பி சம்ப் அளவை முடிவெடுக்காதேங்கோ. ரீஃப் தண்ணியில சுண்ணாம்பு படியும், குழாய்ப் புழு வளரும், மூடவேண்டிய நேரம் ஒரு மயிரிழை திறந்து நிண்டாலே காணும். சம்பில இடம் விடுறதுதான் உண்மையான காவல். உங்கட தொட்டியில ஒரு இஞ்ச் தண்ணி எண்டா பன்னிரண்டரைக் கலன். பைப் வாய் ரெண்டு இஞ்ச் கீழ இருந்தா 25 கலன் கீழ வரும், ஓவர்ஃப்ளோ பெட்டியில இருக்கிறதும் பைப்புகளில நிக்கிறதும் சேர்த்தால் 35, 40 கலன். அவ்வளவு இடம் சம்பில எப்பவும் வெறுமையா இருக்கவேணும். தொட்டி நிரப்பின முதல் நாளே பிளக்கைக் கழட்டிப் பாத்து, தண்ணி எதுவரை ஏறுது எண்டு சம்பில மார்க்கரால கோடு போடுங்கோ.

கரண்ட் போற விசயம். 2013 டிசம்பர் ஐஸ் புயல் ஞாபகம் இருக்கும், ரொறன்ரோவில மட்டும் மூண்டு லட்சம் வீடுகளுக்குக் கிட்ட கரண்ட் இல்லை, நத்தார் வரைக்கும் சில இடங்களில வரேல்ல. அப்பிடி நேரத்தில ரிட்டர்ன் பம்பை பட்டரியில ஓட்ட நினைக்காதேங்கோ. 12 வோல்ட் 100 ஆம்ப் பட்டரி ஒண்டில மொத்தம் 1200 வாட் அவர்தான் இருக்கு, 13 அடி ஏத்துற பம்ப் அதை ஆறேழு மணித்தியாலத்தில குடிச்சு முடிச்சிடும். அதே பட்டரியில 10 வாட் டிசி வேவ்மேக்கர் நாலு நாளுக்குக் கிட்ட ஓடும். மீனுக்கும் பவளத்துக்கும் முதல் வேணுங்கிறது ஒக்சிசன், அதுக்கு மேல தண்ணி அசைஞ்சால் காணும். ஹீட்டருக்குத்தான் ஜெனரேற்றர் வேணும், அதை வெளியில வச்சு ஓட்டுங்கோ, கராஜுக்குள்ளயோ பேஸ்மென்ட்லயோ ஒருநாளும் ஓட்டாதேங்கோ.

சிங்கை_ரீஃப்:

அக்கா சொல்றதுல பெரும்பாலும் எனக்கு உடன்பாடுதான், ஆனா ரெண்டு பம்ப் விஷயத்துல கொஞ்சம் மாத்தி சொல்றேன். ரெண்டு மலிவான பம்ப் வாங்குறதுக்கு பதிலா தரமான ஒண்ணு வாங்கி, அதே மாடல்ல இன்னொண்ண ஷெல்ஃப்ல வைக்கலாம். அபிஸ், ரெட் டிராகன் மாதிரி ஜெர்மன் பம்ப் எல்லாம் இந்த மாதிரி அழுத்தத்துக்குன்னே மாடல் வச்சிருக்காங்க, விலை கண்ணைக் கட்டும், ஆனா திறன் நல்லா இருக்கும். ரெண்டு பம்ப்னா சுத்தம் பண்றதும் ரெட்டிப்பு. வீட்ல எப்பவும் ஆள் இருந்தா என் வழி ஓகே, அடிக்கடி ஊருக்குப் போறவங்கன்னா அக்கா வழிதான் சரி.

டிசி, ஏசி கேட்டிருந்தீங்க. டிசில வேகத்தைக் குறைக்கலாம், மீனுக்கு சாப்பாடு போடும்போது நிறுத்தலாம், மெதுவா ஸ்டார்ட் ஆகும். ஆனா பீன் அனிமல் போட்டா வேகத்தை ஒரு இடத்துல செட் பண்ணிட்டு அப்புறம் கை வைக்கக்கூடாது, மாத்தினா சைஃபன் வால்வை திரும்ப டியூன் பண்ணணும். உங்க உயரத்துக்கு வேகத்தைக் குறைச்சா ஒரு கட்டத்துக்குக் கீழ தண்ணி மேலயே வராது, அதனால கன்ட்ரோலர்ல இருக்கிற பத்து ஸ்பீடுல மேல் பக்கத்து மூணு நாலுதான் உங்களுக்கு உபயோகம். டிசில முதல்ல போறது மோட்டார் இல்ல, கன்ட்ரோலரும் அடாப்டரும்தான், அத சம்ப் மேல தொங்க விடாதீங்க, உப்பு ஈரம் ஏறும்.

ஸ்காபரோவான்:

நான் வருசத்தில ரெண்டு மூண்டு தரம் வெளியில போறனான், அதால ரெண்டு பம்ப்தான் எண்டு முடிவெடுத்திட்டன். அப்ப ஒவ்வொண்டும் 600, 650 கலன் தந்தால் சரி. பைப் ரெண்டும் 1½ஆ போடவேணுமா? பீமுக்குப் பக்கத்தில இடம் காணாது. அதோட இவாக்கி மாதிரி வெளியில வைக்கிற பம்பா, முங்கிற பம்பா, இதில எது?

கோவை_பம்ப்செட்:

650 கேலனுக்கு 1¼ இஞ்ச் தாராளமுங்க, ஒவ்வொரு லைன்லயும் உரசல் ஒரு அடிக்குள்ள நின்னுரும். 1 இஞ்ச் போட்டா 2 அடிக்கு மேல, அதுவும் ஓடத்தான் ஓடும், ஆனா 1¼க்கு இடம் இருந்தா அதையே போடுங்க. 90 டிகிரி எல்போ ஒண்ணுக்குப் பதிலா முடிஞ்ச இடத்துல 45 ரெண்டு போடுங்க. மேக்ஸ் ஹெட் 20 அடிங்கறதை மட்டும் குறைக்காதீங்க, ரெண்டாப் பிரிச்சா தண்ணி அளவுதான் பாதியாகும், உயரம் அதேதான்.

இவாக்கி மாதிரி மேக்னெட் டிரைவ் பம்புல ஷாஃப்ட் சீல் கிடையாது, அதனால ஒழுகற இடம் ஒண்ணு குறையும், அழுத்தத்துக்கும் நல்லா நிக்கும், சூடும் தண்ணிக்குக் கம்மியாப் போகும். சத்தம் மட்டும் கூட. உங்களுக்கு பம்பு கீழ இருக்கறதால அது பிரச்சினை ஆகாதுன்னு தோணும், ஆனா பைப்பு வழியா அதிர்வு மேல ஏறி தரைக்கு வந்துரும். பம்புக்கும் பைப்புக்கும் நடுவுல ஒரு அடி சிலிக்கான் ஹோஸ் போடுங்க, பீம்ல பைப்பை இறுக்கிக் கட்டாம ரப்பர் வச்சு கிளாம்ப் பண்ணுங்க. பம்பை வெளிய வச்சா சம்ப் அடியில ஓட்டை போட்டு பல்க்ஹெட் (ஒழுகாம பைப்பை மாட்டற இணைப்பு) வைக்கோணும், அதுக்கு மனசு வரலைன்னா முங்கற பம்பே போடுங்க, தப்பில்ல.

ஒவ்வொரு பம்புக்கும் பக்கத்துலயே யூனியனும் (கழட்டி மாட்டற இணைப்பு) பால் வால்வும் கட்டாயம், கழட்டறப்ப பைப்புல நிக்கற தண்ணி மேல கொட்டாது. ஏசி பம்புல தண்ணியைக் குறைக்கோணும்னா வெளிய போற பக்கத்து வால்வை நெருக்குங்க, உறிஞ்சற பக்கத்தை ஒருக்காலும் நெருக்காதீங்க, காத்துக் குமிழி உருவாகி பம்புக்குள்ள சுத்தற இம்பெல்லரைத் தின்னுரும். அப்பறம், அங்க 60 ஹெர்ட்ஸ். ஆன்லைன்ல பாக்கற கர்வ் 50 ஹெர்ட்ஸ் மாடலோடதா இருந்தா நம்பர் மாறும், உங்க நாட்டு மாடலோட கர்வைப் பாத்து வாங்குங்க.

பிரம்டன்_கடல்:

ரெண்டு பம்பையும் ஒரே ஜிஎஃப்சிஐ பிளக்கில (மின்கசிவு வந்தா தானா நிக்கிற பிளக்) போடாதேங்கோ தம்பி. ஒண்டு ட்ரிப் ஆனா ரெண்டும் நிக்கும், பிறகு ரெண்டு வச்சு என்ன பலன். ரெண்டு தனி சேர்க்கிட், ஹீட்டரையும் அதேமாதிரி ரெண்டாப் பிரிச்சு ஒவ்வொண்டில போடுங்கோ.

சுத்தம் செய்யிறது, மூண்டு மாசத்துக்கு ஒண்டு எண்டு மாறி மாறிக் கழட்டி, வெள்ளை வினிகரும் தண்ணியும் பாதிக்குப் பாதி விட்ட வாளிக்குள்ள ஒரு மணித்தியாலம் ஓட விடுங்கோ, சுண்ணாம்பு எல்லாம் கரைஞ்சு போகும். நல்ல தண்ணியில கழுவிப் போட்டு மாட்டலாம். உங்கட தொட்டியில ஆல்கலினிட்டி (சுண்ணாம்பு படியிறதுக்குக் காரணமான காரத்தன்மை) 8, 9 எண்டு வச்சு அக்ரோபோரா வளக்கப் போறீங்கள், அதால சூடான இம்பெல்லர் காந்தத்திலதான் முதல் படியும். கழட்டேக்க செராமிக் ஷாஃப்ட் சட்டெண்டு உடையும், பம்ப் வாங்கேக்கையே இம்பெல்லரும் ஷாஃப்டும் ஒரு செட் கூட வாங்கி வையுங்கோ.